மின்கலத்தின் அளவும் அளவையும்
மடிக்கணினி காட்டும் எண்களின் பொருள்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காகப் பகுத்துக் கூறுவது தமிழ் மரபு. ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்நான்கினையும் எடுத்துக்காட்டுகளோடு விளக்குவர். காய் எண்ணப்படுவது, பொன் நிறுக்கப்படுவது, பால் முகக்கப்படுவது, துணி நீட்டி அளக்கப்படுவது. இனி, மடிக்கணினித் திரையின் மூலையில் சிறு கலத்தின் வடிவமும், அதனருகே '60 விழுக்காடு' என்னும் எண்ணும் தோன்றுகின்றன. அவ்வெண் இந்நான்கனுள் எவ்வகையைச் சேர்ந்தது?

முகத்தல் என்றே பலரும் விடை கூறுவர். குடத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்று பார்ப்பதைப் போல, மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் உள்ளது என்று கணினி எட்டிப் பார்த்துச் சொல்கிறது என்பது பொதுவான எண்ணம். மின்கலம் என்னும் பெயரும் அவ்வெண்ணத்திற்குத் துணை செய்கிறது. கலம் என்பது பாண்டம். நெல் அளக்கும் முகத்தலளவையின் பெயரும் அதுவே. ஆயினும் உண்மை வேறு. மின்கலத்தை எட்டிப் பார்த்து இருப்பை அறியும் கருவி மடிக்கணினியில் இல்லை. திரையில் தோன்றுவது பெரும்பாலும் எண்ணலளவையால் பெற்ற கணக்கு. வரவையும் செலவையும் குறித்து, எஞ்சியது இவ்வளவு என்று உய்த்துணர்ந்து கூறும் இருப்புத் தொகை.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. திரையில் 20 விழுக்காடு இருக்கும்பொழுதே கணினி அணைந்து, பாடம் நடுவில் நின்றுபோகும் வகுப்புகள் உண்டு. '100' என்னும் எண்ணைக் கண்டு பழைய கணினியைப் பிள்ளைக்கு வாங்கித் தந்து, ஒரு மணி நேரத்தில் அது அணைவதைக் கண்டு வருந்தும் பெற்றோர் உண்டு. இன்னும் ஈராண்டு உழைக்கக்கூடிய மின்கலத்தைத் தவறான எண் ஒன்றினை நம்பிக் கழித்துவிடுவோரும் உண்டு. எண் பொய் கூறவில்லை. அது எதன் எண் என்பது அறியப்படாமையே இழப்புக்குக் காரணம்.

கலத்தினுள் நிகழ்வது

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பவை லித்தியம் அயனி மின்கலங்கள். 1970களில் இசுட்டான்லி விட்டிங்காம் இதற்கு அடிகோலினார். 1980இல் சான் குடினஃப் லித்தியம் கோபால்ட்டு ஆக்சைடை நேர்மின்வாய்ப் பொருளாக்கினார். 1985இல் சப்பானியரான அகிரா யோசினோ கரிப்பொருளை எதிர்மின்வாயாகக் கொண்டு பாதுகாப்பான கலத்தை உருவாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இக்கலத்தில் மின்சாரம் ஊற்றிவைக்கப்படுவதில்லை. ஒரு புறம் உலோக ஆக்சைடு. மறுபுறம் ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற கிராஃபைட்டு. இடையே மின்பகு நீர்மம். மின்னேற்றம் செய்யும்பொழுது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டு நீங்கி, கிராஃபைட்டின் ஏடுகளுக்கிடையே சென்று தங்குகின்றன. கணினி இயங்கும்பொழுது அவை மீண்டும் ஆக்சைடுக்குத் திரும்புகின்றன. அயனிகள் உள்ளே ஒரு கரையினின்று மறுகரைக்குச் செல்ல, எலக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சென்று கணினியை இயக்குகின்றன.

ஆகவே, ஒரு மின்கலத்தின் கொள்ளளவு என்பது கரைவிட்டுக் கரை செல்லவல்ல லித்தியத்தின் அளவும், அதனை ஏற்று இடந்தரும் பொருள்களின் அளவும் சேர்ந்து வரையறுப்பதாகும். அது நாளடைவில் குறையும். கிராஃபைட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று முதல் மின்னேற்றத்திலேயே உருவாகிறது. மின்பகு நீர்மம் மேலும் சிதையாமல் காப்பது அப்படலமே. ஆனால், அது நாளும் சிறிது சிறிதாகத் தடிக்கிறது. தடிக்குந்தோறும் லித்தியத்தில் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. சிறைப்பட்ட லித்தியம் மீண்டும் பயணத்திற்கு வாராது. மின்வாய்ப் பொருள்களில் நுண்ணிய பிளவுகளும் ஏற்படுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்ததே மின்கலத்தின் முதுமை.

மூன்று எண்கள்

ஒரு மின்கலத்தின் நிலையை அறிய மூன்று எண்கள் வேண்டும். முதலாவது, வடிவமைப்புக் கொள்ளளவு. புதிய கலம் இவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்த அளவு அது, மின்கலத் தொகுதியின் சில்லில் பொறிக்கப்பட்டிருக்கும், மாறுவதில்லை. இரண்டாவது, நிறைநிலைக் கொள்ளளவு. இன்றைய நிலையில் முழுமையாக மின்னேற்றினால் எவ்வளவு தாங்கும் என்னும் மதிப்பீடு அது. காலப்போக்கில் குறைந்து வருவது. மூன்றாவது, இப்பொழுதுள்ள இருப்பு.

திரையின் மூலையில் தோன்றும் விழுக்காடு, இருப்பை நிறைநிலைக் கொள்ளளவால் வகுத்துப் பெற்றது. 'மின்கல நலம்' என்று கூறப்படும் விழுக்காடோ, நிறைநிலைக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவால் வகுத்துப் பெற்றது. இரண்டும் விழுக்காடே, ஆயினும் பகுக்கும் எண் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வடிவமைப்பில் 50 வாட்-மணி கொண்ட கலம் ஒன்று, இன்று நிறைநிலையில் 40 வாட்-மணி மட்டுமே தாங்குகிறது; இப்பொழுதுள்ள இருப்பு 20 வாட்-மணி என்று கொள்க. திரையில் தோன்றும் எண் 50 விழுக்காடு. கலத்தின் நலம் 80 விழுக்காடு. புதிதாக இருந்த நாளின் முழு அளவோடு ஒப்பிட்டால், இருப்பு 40 விழுக்காடே. கணினி சராசரியாக 10 வாட்டு திறனை உண்ணுமாயின், புதிதில் 5 மணி நேரம் இயங்கியது இன்று நிறைநிலையில் 4 மணி நேரமே இயங்கும். இப்பொழுதுள்ள இருப்புக்கு 2 மணி நேரம்.

இதே கலம் மேலும் தேய்ந்து 30 வாட்-மணிக்கு வந்தாலும், முழுமையாக மின்னேற்றிய பின் திரை '100' என்றே காட்டும். அந்த 100க்கு 3 மணி நேரமே ஆயுள். அளக்கும் படியே சுருங்கிவிட்டால், படி நிறைந்துள்ளது என்று கூறுவதில் பொய் இல்லை. ஆனால், நெல் குறைவு. மூலையிலுள்ள எண் கலத்தின் முதுமையைக் காட்டாமல் மறைப்பது இவ்வாறுதான்.

இங்கே ஒரு பெயர் கருதத்தக்கது. கணினியும் மின்கலமும் செய்தி பரிமாறும் முறையை வகுக்கும் 'ஏ.சி.பி.ஐ.' என்னும் நெறித்தொகுப்பை இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வெளியிட்டன. நிறைநிலைக் கொள்ளளவுக்கு அது தரும் பெயர், 'இறுதியாக முழுமையுற்றபோது இருந்த கொள்ளளவு' என்னும் பொருளுடையது. நேர்மையான பெயர் அது. இன்று இவ்வளவு என்று அது உறுதி கூறவில்லை. சென்றமுறை அறிந்தது இவ்வளவு என்றே கூறுகிறது. 'நலம்' என்னும் சொல்லாட்சியில் அந்த அடக்கம் மறைந்துவிடுகிறது. மருத்துவர் நாடி பார்த்துக் கூறிய முடிவைப் போல அது ஒலிக்கிறது.

ஆம்பியர்-மணியும் வாட்-மணியும்

மின்கலத்தின் மேல் இருவகை அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று மில்லி ஆம்பியர்-மணி, மற்றொன்று வாட்-மணி. முன்னது, கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவு. 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் கடப்பது 3,600 கூலும். பின்னது, அம்மின்னூட்டம் செய்யவல்ல வேலையின் அளவு. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்க வாட்-மணி கிடைக்கும்.

11.1 வோல்ட்டும் 4,400 மில்லி ஆம்பியர்-மணியும் உடைய மடிக்கணினிக் கலத்தொகுதி 48.84 வாட்-மணி தரும். 3.85 வோல்ட்டும் 5,000 மில்லி ஆம்பியர்-மணியும் உடைய கைப்பேசிக் கலம் 19.25 வாட்-மணியே தரும். ஆம்பியர்-மணியை மட்டும் நோக்கினால் கைப்பேசிக் கலமே பெரிதெனத் தோன்றும். ஆதலின், வோல்ட்டு வேறுபடும் கலங்களை ஒப்பிட வாட்-மணியே ஏற்ற அளவு. வானூர்தியில் உடன் கொண்டுசெல்லும் மின்கலங்களுக்குத் தனி இசைவு வேண்டாத எல்லையும் 100 வாட்-மணி என்று இவ்வலகிலேயே வகுக்கப்பட்டுள்ளது.

கணக்கர் ஒருவர்

மின்கலத் தொகுதியினுள் சிறு சில்லு ஒன்று உள்ளது. அதனைக் கணக்கராகக் கருதலாம். மின்னோட்டம் செல்லும் வழியில் மிகச் சிறிய மின்தடை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் நுண்ணிய மின்னழுத்தத்தை அளந்து, இவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்று கணக்கர் ஓயாமல் குறித்துக்கொள்கிறார். உள்ளே செல்வது வரவு, வெளியே செல்வது செலவு, எஞ்சியது இருப்பு.

இருப்பை அறிய மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாதோ எனின், போதாது. இவ்வகைக் கலம் ஒன்று நிறைநிலையில் ஏறக்குறைய 4.2 வோல்ட்டும், வெறுமையாகும் நிலையில் ஏறக்குறைய 3 வோல்ட்டும் காட்டும். ஆனால், இவற்றிற்கு இடைப்பட்ட பெரும்பகுதியில் மின்னழுத்தம் மெல்லவே இறங்கும். 70 விழுக்காட்டிற்கும் 40 விழுக்காட்டிற்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தத்தில் சிறிதாகவே தெரியும். மேலும், கணினி கடுமையாக உழைக்கும்பொழுது மின்னழுத்தம் தாழும், ஓய்ந்தால் மீளும். ஆகவே, கணக்கே முதன்மை. மின்னழுத்தம் அக்கணக்கைச் சரிபார்க்க உதவும் சான்று.

கணக்கு தவறும் இடம்

எந்தக் கணக்கிலும் சிறு பிழை உண்டு. மின்தடையில் அளக்கும் அளவில் நுண்ணிய பிழை இருப்பின், அது நாள்தோறும் சேர்ந்து பெரிதாகும். கலம் தன்னுள்ளேயே சிறிது சிறிதாக இழக்கும் மின்னூட்டம் அந்த மின்தடை வழியே செல்வதில்லை; ஆதலின், கணக்கர் காணாத செலவு அது. இப்பிழைகளைக் களைய இரண்டு எல்லைக் கற்கள் உள. ஒன்று, முழுமையுற்ற நிலை. மற்றொன்று, வெறுமையை நெருங்கிய நிலை. இவ்விரண்டு இடங்களில் மின்னழுத்தம் ஐயமின்றி நிலையைக் காட்டும். ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லை வரை எவ்வளவு சென்றது என்று எண்ணிப் பார்த்தே நிறைநிலைக் கொள்ளளவு திருத்தப்படும். கலம் நெடுநேரம் ஓய்ந்திருக்கும்பொழுது காட்டும் மின்னழுத்தத்தைக் கொண்டு திருத்தும் சில்லுகளும் உண்டு.

நாள் முழுதும் மின்னேற்றியோடு இணைந்தே இருக்கும் கணினிக்கு இவ்வாய்ப்பு வாய்ப்பதில்லை. கலம் தேய்ந்துகொண்டே இருக்கும். கணக்கரோ பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருப்பார். ஏட்டில் 45 வாட்-மணி என்றிருக்க, உண்மையில் 36 வாட்-மணியே எஞ்சியிருப்பதாகக் கொள்க. 36 வாட்-மணி செலவானதும் கலம் வெறுமையாகும். அப்பொழுது ஏட்டின்படி எஞ்சியிருப்பது 9 வாட்-மணி. அஃதாவது, 20 விழுக்காடு. வகுப்பின் நடுவே 20 விழுக்காட்டில் கணினி அணைவதன் காரணங்களுள் ஒன்று இதுவே. முதிர்ந்த கலத்தின் உள்தடை மிகுவது மற்றொரு காரணம். கணினி திடீரென்று மிகுந்த திறனை வேண்டும்பொழுது மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே தாழ்ந்துவிடும்.

இதற்கு மாறான பிழையும் உண்டு. ஏட்டிலுள்ள எண் உண்மையினும் குறைவாயின், கலத்தில் இருப்பு இருக்கும்பொழுதே கணினி அணையும். அன்றி, 3 அல்லது 4 விழுக்காட்டிலேயே நெடுநேரம் நிற்கும். அத்தகைய கலத்தின் 'நலம்' 70 விழுக்காடு எனத் தோன்றினும், உண்மை அதனினும் மிகுதியாக இருக்கும்.

இப்பிழையைத் திருத்தும் முறை எளிது. கலத்தை முழுமையாக மின்னேற்றி, ஓரிரு மணி நேரம் அந்நிலையிலேயே விடவேண்டும். பின்னர் மின்னேற்றியை நீக்கி, கணினி தானே அணையும் வரை பயன்படுத்தவேண்டும். சில மணி நேரம் ஓய்வு தந்த பின், இடையீடின்றி மீண்டும் முழுமையாக மின்னேற்றவேண்டும். திறந்து வைத்துள்ள பணிகளை முன்னரே சேமித்துக்கொள்ளல் நன்று. இதன்பின் நல விழுக்காடு ஏறினும் இறங்கினும் வியத்தற்கில்லை. கலம் நோய் நீங்கியதுமன்று, நோயுற்றதுமன்று. தராசு சரிபார்க்கப்பட்டது, அவ்வளவே.

இதனை அடிக்கடி செய்தலும் தவறு. முற்றிலும் வெறுமையாக்குதல் லித்தியம் அயனிக் கலத்திற்கு நலந்தருவதன்று. கலத்தை முழுதும் வடித்த பின்னரே மின்னேற்றவேண்டும் என்னும் பழைய அறிவுரை நிக்கல் காட்மியக் கலங்களின் காலத்தது. அக்கலங்களுக்கு உரிய 'நினைவுக் குறை' லித்தியம் அயனிக் கலங்களில் இடர் தருவதில்லை. எனவே, சில திங்களுக்கு ஒருமுறை, எண்ணில் ஐயம் தோன்றும்பொழுது மட்டும் சரிபார்த்தல் போதும்.

எண்களைக் காணும் முறை

விண்டோஸ் இயங்குதளத்தில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டின்பின் 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளியின்றி எழுதினால், முழு அறிக்கை ஒரு கோப்பாக உருவாகும். 'டிசைன் கப்பாசிட்டி' என்பது வடிவமைப்புக் கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி' என்பது நிறைநிலைக் கொள்ளளவு. இவை மில்லிவாட்-மணியில் இருக்கும். 50,000 என்றால் 50 வாட்-மணி. மேக் கணினிகளில் அமைப்புகளின் மின்கலப் பகுதியில் கலத்தின் நிலையும், கணினி பற்றிய விவரப் பகுதியில் சுற்றெண்ணிக்கையும் கிடைக்கும்.

விண்டோஸ் அறிக்கையின் பயன்மிக்க பகுதி கொள்ளளவின் வரலாறு. ஒரு நாளின் எண்ணினும் பல திங்களின் போக்கே நம்பத்தக்கது. எண் மெல்லச் சீராக இறங்கிவரின் அது இயல்பான முதுமை. ஒரே எண்ணில் பல திங்கள் அசையாமல் நின்று, திடீரென்று தாழ்ந்திருப்பின், கணக்கர் நெடுநாள் உறங்கி விழித்தார் என்று கருதலாம்.

சுற்றெண்ணிக்கையையும் தவறாகப் பொருள் கொள்வோர் உளர். மின்னேற்றியை இணைக்குந்தோறும் ஒரு சுற்று என்பதன்று. ஒருநாள் பாதியும் மறுநாள் பாதியும் செலவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஆப்பிள் நிறுவனம் தன் அண்மைக்கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றிற்கு 1,000 சுற்றுகளை எல்லையாகக் கூறி, அதுவரை தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு வரை நிற்குமாறு கலங்களை வடிவமைத்துள்ளதாகத் தெரிவிக்கிறது. இந்த 80 என்னும் எண் இத்துறையில் பரவலாக வழங்கும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே சென்றதும் கலம் இறந்துபடும் என்பது பொருளன்று. மாற்றுவதைப் பற்றி எண்ணத் தொடங்கலாம் என்பதே பொருள். சில கணினிகளில் சுற்றெண்ணிக்கை 0 என்றோ வெறுமையாகவோ இருக்கும். அது கலம் புதியது என்பதற்குச் சான்றன்று. அச்செய்தி கணினிக்குத் தரப்படவில்லை என்பதே கொள்ளத்தக்கது.

'இன்னும் 3 மணி நேரம்' என்று திரை கூறுவதும் கணக்கே. இருப்பை அண்மையில் செலவான விரைவால் வகுத்துப் பெறுவது அது. எழுத்துப்பணி செய்தவர் காணொளி ஒன்றைத் திறந்தால் அந்த 3 மணி குறையும். திரையின் ஒளியைத் தாழ்த்தினால் கூடும். இஃது கலத்தின் குறையன்று; செலவின் வேறுபாடு. ஆகவே, கணினி முன்போல் நெடுநேரம் இயங்கவில்லை என்றால், கலம் தேய்ந்ததா, செலவு மிகுந்ததா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

பழைய கணினி வாங்குவோர் மூலையிலுள்ள எண்ணை நம்பாமல் அறிக்கையைக் கேட்டு வாங்குதல் நன்று. அறிக்கையும் இறுதித் தீர்ப்பன்று. மாற்றாக விற்கப்படும் சில கலத்தொகுதிகளில் சில்லில் பொறித்த அளவு உண்மையினும் மிகுதியாய் இருப்பதும் உண்டு. மின்னேற்றியை நீக்கி, அரைமணி நேரம் காணொளி ஒன்றை ஓடவிட்டு, எத்தனை விழுக்காடு குறைகிறது என்று பார்க்கலாம். 25 விழுக்காடு குறைந்தால், அப்பணிக்கு ஏறக்குறைய 2 மணி நேரமே தாங்கும். இவ்வாய்வில் நடுவர் கடிகாரமே.

முதுமையைத் தாழ்த்தும் வழி

முதுமையைத் தடுத்தல் இயலாது, தாழ்த்தல் இயலும். கலத்தின் பகை இரண்டு: வெப்பமும், நெடுநாள் நிறைநிலையில் நிற்றலும். படலம் தடிக்கும் வினையை இரண்டும் விரைவுபடுத்துகின்றன. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பநாடுகளில் வெயிலில் நிறுத்திய காரினுள் மடிக்கணினியை விட்டுச் செல்லுதல் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மெத்தையின்மேல் வைத்துக் காற்றுவழியை அடைத்தலும் அத்தகையதே. எப்பொழுதும் மின்னேற்றியோடு இணைந்திருக்கும் கணினியில், 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். நெடுநாள் விடுமுறையில் கணினியை எடுத்துவைப்போர், ஏறக்குறையப் பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்தல் நன்று.

எண்கள் அனைத்தினும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. கணினியின் அடிப்பகுதி புடைத்தல், தொடுபலகை மேலெழும்புதல், மூடி பொருந்தாமை ஆகியன கலத்தினுள் வளி சேர்ந்து அது உப்பியதற்கு அறிகுறிகளாகலாம். அத்தகைய கலத்தின் நலம் 90 விழுக்காடு என்று திரை கூறினும் பயன்பாட்டை உடனே நிறுத்தல் வேண்டும். அதனை அழுத்துதலும் குத்துதலும் தீவிபத்திற்கு இடமளிக்கும். கழிந்த கலத்தை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மின்கழிவு பெறும் இடத்தில் சேர்த்தலே முறை. சிங்கப்பூரில் மின்கழிவைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் கடப்பாடு 2021 சூலைத் திங்கள் முதல் சட்டப்படி நடைமுறைக்கு வந்துள்ளது.

கணக்கர் நேர்மையானவர், ஆனால், களஞ்சியத்தின் கதவைத் திறந்து நெல்லைக் கண்டவர் அல்லர். அவர் கூறும் எண்ணைக் கேட்குந்தோறும், எதனை எதனால் வகுத்தது, எப்பொழுது சரிபார்த்தது என்னும் இரு வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். அவ்விரண்டிற்கும் விடை அறிந்தவரை, திரையின் மூலையிலுள்ள '100' ஏமாற்றுவதில்லை, '70' அச்சுறுத்துவதுமில்லை.